லாரிக் கணக்கும் விபத்து நஷ்ட ஈடும்

நம் கிராமங்களில் விளையும் நெல்லும் கரும்பும் காய்கறியும் வெளியூர் செல்வதும், நமக்கு வேண்டிய உரமும் சிமெண்டும் ஜல்லியும் வந்து சேர்வதும் இன்று பெரும்பாலும் லாரிகளின் மூலமே நடைபெறுகின்றன. நாமக்கல், சங்ககிரி போன்ற ஊர்கள் லாரித் தொழிலாலேயே பெயர் பெற்று விளங்குகின்றன. இத்தொழிலால் நாட்டுப்புறம் அடைந்துள்ள நன்மையை எவரும் மறுக்க மாட்டார்கள். எனினும், பெருஞ்சாலையை ஒட்டிய கிராமங்களில் வாழ்வோர் இதனால் நேரும் துன்பத்தையும் அறிவார்கள். விடியுமுன் பால் எடுத்துச் செல்பவரும், மாடுகளை ஓட்டிச் செல்பவரும், சைக்கிளில் பள்ளிக்குப் போகும் பிள்ளைகளும் அதே சாலையைத்தான் கடந்தாக வேண்டும்.

லாரி மோதி ஒருவர் இறந்தாலோ அங்கம் இழந்தாலோ, அக்குடும்பம் சட்டப்படி நஷ்ட ஈடு கோரலாம் என்பதை இப்பொழுது பெரும்பாலோர் அறிந்திருக்கிறார்கள். ஆனால், எதைக் கொண்டு அதை நிலைநாட்டுவது என்பது பலருக்குத் தெரிவதில்லை. "நேரில் கண்ட சாட்சி இல்லையே" என்று மனம் தளர்ந்துவிடுகிறார்கள். இரவு மூன்று மணிக்குச் சாலையில் யார் நிற்கப் போகிறார்கள்? அப்படிப்பட்ட விபத்தில் பேசக் கூடியது லாரியின் கணக்குதான். சரக்கு ஏற்றிய இடத்திலிருந்து விபத்து நேர்ந்த இடம் வரையில் அந்த லாரி ஏதேனும் ஒரு புத்தகத்திலோ, சீட்டிலோ, யந்திரத்திலோ பதிவாகிக்கொண்டே வந்திருக்கிறது. அக்கணக்குகள் யாவை, அவை யாரிடம் இருக்கும், அழியுமுன் அவற்றை எவ்வாறு காப்பது என்பவற்றை இக்கட்டுரையில் விளக்க முற்படுகிறோம்.

சட்டம் கேட்பது என்ன?

1939ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தில் 1956-ல் செய்யப்பட்ட திருத்தத்தினால்தான் விபத்து நஷ்ட ஈட்டுக்கெனத் தனித் தீர்ப்பாயங்கள் அமைக்க வழி ஏற்பட்டது. அச்சட்டத்தின் இடத்தில் 1988ஆம் ஆண்டுச் சட்டம் வந்தது. அதுவும் 2019-ல் பெரிதும் திருத்தப்பட்டது. நஷ்ட ஈடு சம்பந்தமான திருத்தங்கள் 2022 ஏப்ரல் 1 முதல் அமுலில் உள்ளன. அவற்றின்படி, யார் பேரில் தவறு என்று நிரூபிக்காமலே மரணத்துக்கு 5 லட்சம் ரூபாயும் கொடுங்காயத்துக்கு 2½ லட்சம் ரூபாயும் கோரலாம். மோதிய வண்டி இன்னதென்று தெரியாமலே போய்விட்டால், கிடைப்பது முறையே 2 லட்சமும் 50,000 ரூபாயும்தான். இறந்தவரின் வயது, வருமானம், அவரை நம்பியிருந்தோர் ஆகியவற்றைக் கணக்கிட்டு வழங்கப்படும் முழுத் தொகை இவற்றைவிட மிகுதியாக இருக்கக்கூடும். அதைப் பெற வேண்டுமாயின், லாரியின் தரப்பில் கவனக்குறைவு இருந்தது என்று காட்ட வேண்டும்.

காட்டுவதென்றால், கொலை வழக்கில் போல ஐயத்துக்கு இடமின்றி நிரூபிக்க வேண்டும் என்பதில்லை. இவ்வாறு நடந்திருப்பதற்கே வாய்ப்பு அதிகம் என்று நியாயமான மனிதர் நம்பும் அளவுக்குச் சான்று இருந்தால் போதும் என்பதை உச்ச நீதிமன்றம் 2009-ல் தெளிவாக்கியிருக்கிறது. இதனால் சிறு சீட்டும் பெரிய சாட்சியாக முடிகிறது.

சீட்டுகள் சொல்லும் செய்தி

சரக்கு ஏற்றும் இடத்தில் முதற் சீட்டு பிறக்கிறது. தொழிலில் இதை லாரி ரசீது என்றும், சுருக்கமாக எல்.ஆர். என்றும் சொல்வார்கள். 2007ஆம் ஆண்டு சாலைவழிச் சரக்குப் போக்குவரத்துச் சட்டமும் அதன்கீழ் 2011-ல் வகுத்த விதிகளும் சரக்கை ஏற்கும் கம்பெனி ரசீது கொடுக்க வேண்டும் என்கின்றன. அனுப்பியவர் யார், பெறுபவர் யார், சரக்கு என்ன, எடை எவ்வளவு என்பவற்றை அதிலிருந்து அறியலாம். சரக்கின் மதிப்பு 50,000 ரூபாய்க்கு மேற்பட்டு வெளி மாநிலம் செல்வதாயின், 2018 ஏப்ரல் முதல் இ-வே பில் என்ற மின்னணுச் சீட்டும் வேண்டும். லாரியின் எண்ணும், சீட்டு உண்டான தேதியும் நேரமும் அதில் இருக்கும். கல் குவாரியிலிருந்து வரும் லாரிக்கு நடைச்சீட்டு உண்டு. எடை மேடையில் ஏறி இறங்கினால் எடைச் சீட்டு உண்டு. சுங்கச் சாவடிகளில் 2021 பிப்ரவரி முதல் ஃபாஸ்டேக் கட்டாயமாகிவிட்டபடியால், ஒவ்வொரு சாவடியையும் லாரி கடந்த நேரம் அதன் கணக்கில் ஏறுகிறது. டீசல் போட்ட பில், டிரைவருக்குக் கொடுத்த பேட்டா, டிரிப் ஷீட் ஆகியவை இவற்றுக்குத் துணை.

தனித்தனியே பார்த்தால் இவை வெறும் வியாபாரக் காகிதங்கள். ஒன்றோடொன்றைச் சேர்த்துப் பார்த்தால்தான் அவை பேசத் தொடங்கும். காலை 8 மணிக்குச் சரக்கு ஏற்றியதாக ரசீது இருக்கிறது. மறுநாள் விடியற்காலை 3 மணிக்கு விபத்து நேர்ந்தது. இடையில் நெடுநேரம் நின்றதற்கான அடையாளம் எதுவும் சாவடிக் கணக்கில் இல்லை. பேட்டாக் கணக்கிலோ ஒரே டிரைவரின் பெயர் காணப்படுகிறது என்று வைத்துக்கொள்வோம். அந்த மனிதர் ஏறத்தாழ 19 மணி நேரம் தூக்கமின்றி வண்டி ஓட்டினார் என்பதை எந்தச் சாட்சியும் கூண்டேறிச் சொல்ல வேண்டியதில்லை. அதுபோலவே, 60 கிலோமீட்டர் இடைவெளியுள்ள இரண்டு சாவடிகளை ஒரு லாரி 40 நிமிஷத்தில் கடந்திருக்குமாயின், அதன் சராசரி வேகமே மணிக்கு 90 கிலோமீட்டர் ஆகிறது. சரக்கு வாகனங்களுக்கு மத்திய அரசு 2018-ல் குறித்த உச்ச வேகம் நான்கு வழிச் சாலையிலும் 80 கிலோமீட்டர்தான்.

எடை விஷயத்தில் சற்று நிதானம் வேண்டும். மூன்று அச்சு லாரியின் மொத்த எடை, 2018-ல் உயர்த்தப்பட்ட அளவின்படி 28½ டன். அதற்கு மேல் ஏற்றினால் 20,000 ரூபாயும், மிகைப்படும் ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாயும் அபராதம். ஆனால், அதிக பாரம் ஏற்றியிருந்தது என்பதனாலேயே விபத்துக்கு லாரிதான் காரணம் என்று ஆகிவிடாது. பாரம் மிகுந்தால் பிரேக் போட்டபின் வண்டி நிற்பதற்கு ஓடும் தூரமும் மிகும். நிற்க வேண்டிய இடத்தில் நிற்க முடியாமற் போனதற்கும் அந்தப் பாரத்துக்கும் உள்ள தொடர்பைக் காட்ட வேண்டும். அதற்கு எடைச் சீட்டும், சாலையில் பதிந்த டயர்த் தடத்தின் நீளத்தைக் குறிக்கும் போலீஸ் வரைபடமும் சேர்ந்து இருத்தல் நலம்.

டிரைவரின் வேலை நேரம் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். 1961ஆம் ஆண்டு மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம், நாளொன்றுக்கு 8 மணி நேரமும் வாரத்துக்கு 48 மணி நேரமும் என்று வரம்பு கட்டியது. தொலைதூர ஓட்டத்துக்கு 10 மணி நேரம் வரையில் இடம் அளித்து, ஐந்து மணி நேர வேலைக்குப் பின் அரை மணியாவது ஓய்வு தர வேண்டும் என்றது. பின்னர் 2020-ல் இயற்றப்பட்ட தொழிலிடப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டத்தில் இச்சட்டம் சேர்க்கப்பட்டது. நோக்கம் நல்லதாயினும், ஐந்து தொழிலாளர்களுக்குக் குறைந்த நிறுவனங்களை 1961ஆம் ஆண்டுச் சட்டம் தொடவே இல்லை. நம் நாட்டிலோ ஒன்றிரண்டு லாரிகளை வைத்துப் பிழைப்பவர்களே மிகுதி. அவர்களிடம் வேலை நேரப் பதிவேட்டைத் தேடுவது வீண். அமெரிக்காவில் 2017 டிசம்பர் முதல் பெரும்பாலான தொலைதூர லாரிகளில் டிரைவரின் வேலை நேரத்தைக் குறிக்கும் மின்னணுக் கருவி கட்டாயமாயிருக்கிறது. அக்கணக்கைக் கம்பெனி ஆறு மாத காலம் வைத்திருக்க வேண்டும். அத்தகைய கருவி இல்லாத நம் லாரிகளுக்குச் சாவடி நேரமும் பேட்டாக் கணக்குமே பதிவேடு.

இவ்விடத்தில் டிரைவரைப் பகைவராக எண்ணிவிடலாகாது. அவரும் பெரும்பாலும் ஒரு கிராமத்து ஏழைக் குடும்பத்தைச் சேர்ந்தவரே. குறித்த நேரத்தில் சரக்கு சேர வேண்டும் என்று நெருக்குபவர் வேறொருவர். விபத்தில் டிரைவரோ கிளீனரோ இறந்துபோனால், அவர் அந்த லாரியில் வேலை பார்த்தவர் என்பதைக் காட்டவே அவருடைய குடும்பத்தாருக்கும் இதே பேட்டாக் கணக்கைத் தவிர வேறு ஆதாரம் இருப்பது அரிது.

சொந்தக்காரர் கையிலுள்ள கணக்கு

மேற்கூறிய சீட்டுகளில் சில வெளியாரிடம் இருக்கும். ஆனால் டிரிப் ஷீட்டு, பழுதுபார்த்த பில்கள், டயர் மாற்றிய கணக்கு, டிரைவரின் லைசென்சுப் பிரதி, பர்மிட், தகுதிச் சான்று யாவும் லாரிச் சொந்தக்காரரிடமே இருப்பவை. அவற்றைக் கொண்டுவரும்படி உத்தரவிடச் சிவில் நீதிமன்றத்துக்குரிய அதிகாரம் தீர்ப்பாயத்துக்கு உண்டு. உத்தரவிட்டும் கொண்டுவராவிட்டால் என்ன ஆகும்? கையிலுள்ள சான்றை ஒருவர் மறைத்தால், அது வெளிவந்தால் அவருக்குப் பாதகமாக இருக்கும் என்று நீதிமன்றம் அனுமானித்துக்கொள்ளலாம். 1872ஆம் ஆண்டுச் சாட்சியச் சட்டத்தில் 114ஆம் பிரிவாக இருந்த இவ்விதி, 2024 ஜூலை முதல் அமுலுக்கு வந்த பாரதிய சாக்ஷிய அதிநியத்தில் 119ஆம் பிரிவாக உள்ளது. நிரூபிக்கும் பொறுப்பு தன்னுடையது அல்ல என்று சொல்லி ஒருவர் தஸ்தாவேஜை ஒளித்துவைக்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் 1968-லேயே கூறியிருக்கிறது.

"பிரேக் பிடிக்கவில்லை; நாங்கள் என்ன செய்வோம்?" என்பது லாரித் தரப்பில் அடிக்கடி சொல்லப்படும் சமாதானம். இதைக் கேட்டு நம்மவர்கள், எல்லாம் விதி என்று இருந்துவிடுகிறார்கள். சட்டம் அவ்வாறு எளிதில் விட்டுவிடுவதில்லை. வண்டியைப் பற்றிய செய்தி முழுவதும் சொந்தக்காரருக்குத்தான் தெரியும். ஆகவே, வேண்டிய கவனம் எல்லாம் எடுத்தும் அப்பழுதைக் கண்டுபிடிக்க இயலாமற் போயிற்று என்று அவர்தாம் நிரூபிக்க வேண்டும் என்பது உச்ச நீதிமன்றம் 1977-ல் ஒரு லாரி வழக்கில் அளித்த தீர்ப்பு. இங்கிலாந்திலும் 1969-ல் பிரபுக்கள் சபை இதையொத்த வழக்கொன்றைத் தீர்த்தது. சரிவில் இறங்கிய லாரியொன்றின் பிரேக் குழாய் அரித்து ஓட்டையாகி, ஒருவர் உயிரிழந்தார். குழாயின் அந்தப் பகுதி கழற்றினாலன்றிக் கண்ணுக்குத் தெரியாது என்றும், வழக்கமான சோதனைகளைச் செய்தே வந்தோம் என்றும் சொந்தக்காரர்கள் வாதாடினார்கள். அந்த லாரி இதுவரை என்னென்ன சரக்கு ஏற்றியது, இரும்பை அரிக்கும் பொருள் ஏதேனும் அதன்மேல் பட்டதுண்டா என்ற வரலாற்றை அவர்கள் சொல்லவில்லை. அதைச் சொல்லாதவரை அவர்கள் பொறுப்பிலிருந்து தப்ப முடியாது என்று பெரும்பான்மை நீதிபதிகள் முடிவு செய்தார்கள். லாரியின் கணக்குக்கு இதைவிட மதிப்பளித்த தீர்ப்பு வேறு இருக்குமோ என்பது ஐயமே.

இதிலிருந்து சொந்தக்காரர்களும் அறிய வேண்டியது உண்டு. நம் வாசகர்களில் டிராக்டரும் மினி லாரியும் வைத்திருப்போர் பலர். புதிய சரக்கு வண்டிக்கு முதலில் இரண்டு ஆண்டுகளுக்குத் தகுதிச் சான்று. பின்னர் எட்டு ஆண்டு வரையில் இரண்டு ஆண்டுக்கு ஒரு முறையும், அதன்பின் ஆண்டுதோறும் அதைப் புதுப்பிக்க வேண்டும். பர்மிட் இல்லாத லாரி விபத்தில் சிக்கிய ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றம் 2018-ல் தீர்ப்பளித்தது: இன்ஷூரன்ஸ் கம்பெனி முதலில் பாதிக்கப்பட்டவருக்குப் பணம் கொடுத்துவிட்டு, பின்னர் அதைச் சொந்தக்காரரிடமிருந்து வசூலித்துக்கொள்ளலாம். லைசென்சு உள்ள டிரைவர்தான் ஓட்டினார் என்று காட்டச் சொந்தக்காரர் தவறிய மற்றொரு லாரி வழக்கிலும் அதே ஆண்டு அதே முடிவுதான். பாதிக்கப்பட்ட குடும்பத்துக்கு இது ஆறுதல். கடன் வாங்கி ஒற்றை லாரி ஓட்டுபவருக்கோ இது நிலத்தையே விற்க வைக்கும். லைசென்சின் பிரதியை வாங்கிப் பெட்டியில் வைப்பதற்கு ஆகும் செலவு ஒரு ரூபாயோ இரண்டு ரூபாயோதான்.

சரக்குடன் செல்லும் விவசாயி

விவசாயிகள் மிகக் கூர்ந்து கவனிக்க வேண்டியது இது. தக்காளியை மினி லாரியில் ஏற்றி, அதே வண்டியில் தாமும் ஏறி ஒட்டன்சத்திரம் சந்தைக்குச் செல்லும் வழக்கம் நம்மில் பலருக்கு உண்டு. சரக்கு லாரியில் சும்மா ஏறிச் செல்பவருக்குச் சாதாரண இன்ஷூரன்ஸ் பாலிசி காப்பு அளிக்காது என்று உச்ச நீதிமன்றம் 2002 டிசம்பரில் தீர்மானித்தது. ஆனால் 1994 நவம்பரில் அமுலுக்கு வந்த திருத்தத்தின்படி, சரக்கின் சொந்தக்காரரும் அவருடைய பிரதிநிதியும் அக்காப்பில் அடங்குவர். ஒரே வண்டியில் சென்ற இருவரில் ஒருவர் குடும்பத்துக்கு இன்ஷூரன்ஸ் பணம் கிடைத்து மற்றவர் குடும்பத்துக்குக் கிடைக்காமற் போவது இதனால்தான்.

வண்டி கவிழ்ந்து விவசாயி இறந்துவிட்டால், தக்காளி சாலையில் சிதறி அன்றைக்கே அழிந்துவிடும். அது அவருடைய தக்காளிதான் என்று பின்னர் எப்படிச் சொல்வது? வாடகை பேசியபோது எழுதி வாங்கிய ஒரு துண்டுச் சீட்டு, பெட்டி எண்ணிக்கை குறித்த தோட்டக் கணக்கு, கமிஷன் மண்டியிலிருந்து சென்ற வாரம் கொடுத்த பட்டியல் இவைதாம் சொல்லும். விபத்து நேர்ந்த இடத்தில் எழுதப்படும் மகஜரில் சரக்கு இன்னது, இத்தனை பெட்டி என்று குறிக்கும்படி கேட்டுக்கொள்வதும் அவசியம். அன்றியும், சரக்கின் சொந்தக்காரரும் டிரைவரின் அறையில்தான் அமர்ந்து செல்ல வேண்டும். மூட்டைகளின் மேல் அமர்ந்து செல்பவருக்கு எந்தச் சீட்டும் உதவாமற் போகலாம். நடவுக்கும் கரும்பு வெட்டுக்கும் கூலியாட்களைச் சரக்கு வண்டியில் நிறைத்து அனுப்பும் வழக்கத்தைப் பஞ்சாயத்து அங்கத்தினர்கள் கண்டும் காணாமல் இருக்கக்கூடாது.

காலமும் முறையும்

கண்காணிப்புக் காமிராவின் படங்கள் சில நாட்களிலோ வாரங்களிலோ தாமே அழிந்துவிடும். சீட்டுகள் கிழியும், லாரி பழுது பார்க்கப்பட்டு மறுபடி ஓடத் தொடங்கிவிடும். ஆதலால் காரியம் முடிந்து பார்த்துக்கொள்வோம் என்று இருக்கலாகாது. நஷ்ட ஈட்டு மனுவுக்கு ஆறு மாதக் காலவரம்பு 2022 முதல் சட்டத்தில் இருக்கிறது. அதைப் பற்றி நீதிமன்றங்களில் வாதங்கள் எழுந்திருந்த போதிலும், அவற்றை நம்பித் தாமதிப்பது ஆபத்து.

2022 ஏப்ரல் முதல் நடைமுறையிலுள்ள மத்திய விதிகளின்படி, விபத்து பற்றிய முதல் அறிக்கையைப் போலீஸ் அதிகாரி 48 மணி நேரத்தில் தீர்ப்பாயத்துக்கும் இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கும் அனுப்ப வேண்டும். 50 நாட்களில் இடைக்கால அறிக்கையும், 90 நாட்களில் விரிவான அறிக்கையும் தயாராக வேண்டும். டிரைவர் 3ஆம் படிவத்திலும் சொந்தக்காரர் 4ஆம் படிவத்திலும் விவரம் தர வேண்டும். போலீஸ் அனுப்பும் அறிக்கையையே தீர்ப்பாயம் நஷ்ட ஈட்டு மனுவாக ஏற்கவும் சட்டம் வழிசெய்கிறது. வண்டியின் விவரத்தையும், அதை ஓட்டியவர் பெயரையும் தரும்படி போலீஸ் நிலையத்தில் கேட்கும் உரிமை நஷ்ட ஈடு கோருபவருக்கு உண்டு. மோட்டார் வாகன ஆய்வாளர் வண்டியைச் சோதித்து எழுதிய அறிக்கையின் பிரதியையும் மறவாமல் பெற வேண்டும். பிரேக்கும் டயரும் அன்று எந்நிலையில் இருந்தன என்பதற்கு வேறு தஸ்தாவேஜு கிடையாது.

இதனோடு, விபத்து நடந்த முதல் வாரத்திலேயே லாரிச் சொந்தக்காரருக்கும், சரக்கு அனுப்பிய கம்பெனிக்கும், இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கும் ஒரு கடிதம் எழுதுவது நன்று. லாரியின் எண், விபத்தின் தேதி, நேரம், இடம் இவற்றைக் குறித்து, அந்த ஓட்டத்துக்குரிய லாரி ரசீது, இ-வே பில், எடைச் சீட்டு, டிரிப் ஷீட், ஃபாஸ்டேக் கணக்கு, இருப்பிடம் காட்டும் கருவி பொருத்தியிருந்தால் அதன் பதிவு, பழுதுபார்த்த பில்கள் ஆகியவற்றை அழிக்காமல் வைத்திருக்கும்படி கேட்க வேண்டும். அதை ஸ்பீடு போஸ்டில் அனுப்பி, ரசீதைப் பத்திரப்படுத்த வேண்டும். பின்னொரு நாள் "கணக்கு தொலைந்துவிட்டது" என்று அவர்கள் கூறினால், இக்கடிதத்தைத் தீர்ப்பாயத்தின் முன் வைக்கலாம். சாவடியிலும் பெட்ரோல் பங்கிலும் உள்ள காமிராப் படங்களுக்காகப் போலீஸ் அதிகாரியிடம் தனியே எழுதிக் கொடுத்து, கொடுத்ததற்கு ஒப்புகை பெற வேண்டும்.

துக்கத்தில் மூழ்கிய குடும்பத்தினரால் இவற்றையெல்லாம் செய்ய இயலாது. பஞ்சாயத்துத் தலைவரும் அங்கத்தினரும் முன்வந்து செய்ய வேண்டிய பணி இது. ஊர் முனையில் பஞ்சாயத்து வைத்துள்ள காமிராவின் படத்தை அன்றைக்கே பிரதி எடுத்து வைப்பதும் அவர்கள் கையில்தான் இருக்கிறது. பஞ்சாயத்துப் பணிகளுக்கு ஜல்லியும் மண்ணும் கொண்டுவரும் டிப்பர் லாரிகளின் நடைச்சீட்டை வாங்கிக் கோப்பில் சேர்க்கும் வழக்கமும் நல்லதே. இடித்துவிட்டு நில்லாமல் ஓடிய டிப்பர் எது என்பதை அக்கோப்பே காட்டிக்கொடுக்கக் கூடும். அப்படிக் காட்டிக்கொடுக்குமாயின், 2 லட்சத்தோடு நின்றுபோக வேண்டிய குடும்பம் முழு நஷ்ட ஈட்டையும் கோரும் நிலைக்கு வரும்.

மனுவை விபத்து நடந்த ஊரில்தான் போட வேண்டும் என்பதில்லை. மனுதாரர் வசிக்கும் இடத்துக்குரிய தீர்ப்பாயத்திலும் போடலாம். வக்கீல் வைக்க வசதியற்றவர்கள், தாலுக்கா நீதிமன்ற வளாகத்திலுள்ள வட்டச் சட்டப் பணிகள் குழுவில் விண்ணப்பிக்கலாம். பெண்கள், குழந்தைகள், ஆதி திராவிடர், பழங்குடியினர் ஆகியோருக்கு வருமானம் எவ்வளவாயினும் இலவச உதவி உண்டு. நேரில் செல்ல இயலாதவர்கள் 15100 என்ற எண்ணுக்குத் தொலைபேசியில் பேசி வழி கேட்டுக்கொள்ளலாம்.